செவலைச் சேவலின் வம்சம்

எங்கயோ பாத்த மொகமாட்ட இருக்குதுங்களா? ஏறி உக்காந்ததுலருந்து நீங்க திரும்பித் திரும்பிப் பாக்கறதை நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். சொந்தமெல்லாம் இல்லீங்க, சீரியல்லயும் நடிக்கலீங்க. திருப்பூர்ல பெரிய கடைகள்ல ஐஸ் பெட்டி இருக்குதில்லீங்க, பட்டாணிக்கும் மீனுக்கும் நடுவால கோழிப் பொட்டலம் அடுக்கியிருப்பாங்களே. அதுல ஒரு பொம்பளை சேவலை இடுப்புல வச்சுட்டுச் சிரிச்சுட்டு நிப்பா பாருங்க. ஆங், அதேதான்! அது நான்தானுங்க. பேரு துளசிமணி.

வாங்கியிருக்கீங்களா? வாராவாரமா? புள்ளைக்குன்னு வாங்கறீங்களா... சரி சரி, இருக்கட்டும். நேர்ல வயசு கம்மியாத் தெரியுதுன்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தானுங்க அம்மிணி நானும் கம்பெனிக்காரங்ககிட்டத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே.

இந்த பஸ் டிரைவர் கொஞ்சம் வெரசாப் போனாத் தேவலை. கெழவி சந்தைக்குப் போறாப்பல போறாரு. அங்க ஒருத்தி எனக்கு முன்னாலயே போயி உக்காந்திருக்கறா. ஆருன்னு சொல்றேன். மொதல்லருந்து சொன்னாத்தான் என்ற ஞாயம் உங்களுக்கு வெளங்கும்.

எங்களுக்குக் குண்டடத்துப் பக்கம் தோட்டமுங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், நடுவால ஒரு கம்பி வேலி. தம்பி பொஞ்சாதி நானு. அண்ணன் பொஞ்சாதி மயிலாத்தா, எனக்கு ஓரகத்தி. அக்கா அக்கான்னுதான் கூப்புடுவேன், இன்னைக்குத்தான் பேரைச் சொல்றேன், அவ்வளவு வயித்தெரிச்சல். அவளுக்கு ஒரே மக, சுகன்யா. எனக்குக் குடுப்பினை இல்லீங்க. பெத்தது அவ, வளத்துனது நானு. பள்ளிக்கோடத்துக்குச் சடை பின்னி உட்டதுலருந்து வயசுக்கு வந்தப்பச் சீரு செஞ்சது வரைக்கும் எல்லாம் இந்தக் கைதான். திருப்பூர்ல கட்டிக் குடுத்து ஆறேழு வருசமாப் புள்ளை தங்கலை. நான் போகாத கோயில் இல்லை. இப்பத்தான் உண்டாயிருக்கறா. அதை மனசுல வச்சுக்கங்க, பின்னால வேணும்.

கெணத்துல தண்ணி கீழ போனதும் நாங்க வெள்ளாமையை உட்டுப்போட்டுக் கோழிச்செட்டுப் போட்டுட்டோம். கம்பெனிக் கோழிங்க. குஞ்சு அவியளது, தீவனம் அவியளது, மருந்து அவியளது. செட்டும் பாடும் நம்முளது. குஞ்சு அட்டைப் பொட்டியில வரும். உள்ளங்கையில வச்சா மஞ்சப் பஞ்சு. ஆறு வாரம் திரும்பறதுக்குள்ள ரெண்டு கிலோ. ராத்திரியும் லைட்டு எரியோணும், இல்லீன்னாத் திங்காமத் தூங்கிப்போடும். நெஞ்சு வளர்ற வேகத்துக்குக் காலு வளராதுங்க. தீவனத்துலருந்து தண்ணிக்கு நாலெட்டு இருக்கும், அதுக்கே நடுவுல ஒருக்கா உக்காந்து மூச்சு வாங்கும். எனக்கு மூட்டு வலி வந்தப்ப என்ற ஊட்டுக்காரர் நாச்சிமுத்து, "ஏ புள்ளை, நீயும் கம்பெனிக் கோழியாட்டவே நடக்கறே"ன்னாரு. சோறு போடலை அன்னைக்கு.

அந்தக் குஞ்சுகளோட அப்பன் ஆத்தாளை நாங்க ஆரும் பாத்ததில்லீங்க. எங்கயோ தனிப் பண்ணையாம். ஆளு உள்ள போறதுன்னாக் குளிச்சுத் துணி மாத்திட்டுத்தான் போகோணுமாம். நம்ம கோயிலுக்குக் கூட இத்தனை ஆச்சாரம் இல்லை. அந்தப் பெத்ததுகளுக்கு வயிறாரத் தீவனம் வைக்க மாட்டாங்களாம். வச்சா மேலு பெருத்துப் போயி முட்டை வைக்காதாம். மக்க பெருக்கோணும், அதுக்குப் பெத்தவிய பசியோட கெடக்கோணும். குஞ்சு வண்டி டிரைவர் சொன்னாரு. நம்ம வீடுகள்லயும் அப்படித்தானேன்னு நெனச்சுக்கிட்டேன்.

கம்பெனி சட்டம் ஒண்ணு இருக்குதுங்க. செட்டுப் போட்ட தோட்டத்துல ஒரு நாட்டுக்கோழி கூட வளத்தப்படாது. நோவு தொத்திக்குமாம். எனக்கு ஒரு கூடைக் கோழி இருந்துச்சு. கையெழுத்துப் போட்ட வாரமே ஒண்ணொண்ணாக் கொழம்பு வச்சுட்டோம். மயிலாத்தா மட்டும் வளத்துவா. வேலிக்கு அந்தப் பக்கம் அவ ராஜ்யம்.

இப்படி இருக்கறப்பத்தான் கம்பெனி சூப்பர்வைசர் தினகரன் ஒரு நாள் வந்து பல்லைக் காட்டுறான். தேனிப் பக்கத்துப் பையன், வெடிப்பா வாய் பேசற ஆளு. "அக்கா, புதுசா ஒரு பொட்டலம் போடறோம். அதுல உங்க போட்டோ வரணும். களையான மொகம் உங்களுக்குத்தான்"னான். களையான மொகம்னு சொன்னா ஆருக்குங்க கசக்கும்? சரின்னுட்டேன்.

போட்டோ புடிக்கற அன்னைக்கு மூணு பேரு கார்ல வந்து எறங்கறாங்க. நான் தோட்டத்துல நைட்டியும் மேல துண்டுமா இருப்பேன். அதை மாத்தச் சொன்னாங்க. பட்டுச்சீலை எடுத்துட்டு வந்தேன், வேண்டாமுன்னாங்க. அவியளே ஒரு நூல் சீலை கொண்டாந்து பின்கொசுவம் வச்சுக் கட்டச் சொல்றாங்க. எங்கம்மாளே அப்படிக் கட்டலீங்க. நான் மாசாமாசம் டை அடிக்கறவ. என்ற தலைக்குப் பவுடரைப் போட்டு நரைக்க வச்சாங்க. கண்ணாடியைக் கழட்டுன்னாங்க. கண்ணாடி இல்லீன்னா எனக்குக் கேமராவும் தெரியாது, புடிச்சிருக்கற ஆளும் தெரியாது. ஆரைப் பாத்துச் சிரிக்கறதுன்னு தெரியாம ஒரு சிரிப்புச் சிரிச்சேன். அதைத்தான் வெள்ளந்தியான சிரிப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. பின்னால கோழிச்செட்டுத் தெரியுதுன்னு தென்னந்தடுக்கை வச்சு மறைச்சாங்க.

எல்லாம் ஆனப்பறம் தினகரன், "அக்கா, ஒரு நாட்டுச் சேவல் வேணுமே"ங்கறான். கோழி வளத்தப்படாதுன்னு சட்டம் போட்ட அதே வாயி! "எங்கடா போவேன்?"னேன். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறான்.

அங்க மயிலாத்தாளோட செவலைச் சேவல் நிக்குதுங்க. என்னா சேவலுங்க அது! கழுத்துல நெருப்பு, வாலுல கருநீலம். ஆனா அது சும்மா சேவல் இல்லை. சுகன்யாளுக்கு நல்லபடியாப் பொறக்கோணும்னு மயிலாத்தா எங்க கருப்பராயன் கோயிலுக்கு நேந்து உட்டது. கால்ல மஞ்சத்துணி கட்டியிருக்கும். நேந்து உட்டதை விக்கப்படாது, வெட்டப்படாது, வெளியாளு தொடப்படாது. மாசி நோம்பிக்குத்தான் சாமிக்குக் குடுக்கோணும். மயிலாத்தா அன்னைக்குத் திருப்பூர் போயிருந்தா. நான் ரெண்டு கை சோளத்தை எறைச்சேன், வந்துருச்சு. கேமராக்காரர், "அந்தத் துணி அசிங்கமா இருக்கு, அவுத்துடுங்க"ன்னாரு. அவுத்தேன். போட்டோ முடிஞ்சதும் அதே முடிச்சாக் கட்டி உட்டுட்டேன். போட்டோதானுங்களே? ஒரு மயிரு கொறஞ்சிருக்குமா அதுக்கு?

அப்பறம் பொட்டலம் வந்துச்சு. பிரிட்ஜு மேல ஒட்டி வச்சேன். போட்டோவுக்குக் கீழ நாலு வரி. நீங்களும் படிச்சிருப்பீங்களே? எனக்குக் கொஞ்சம் பயம் வந்து தினகரன்கிட்டக் கேட்டேன். "இதெல்லாம் பொய்யில்லையாடா?" அவன், "அக்கா, ஒரு வரி பொய்யின்னு காட்டுங்க பாப்போம்"னான். ஒவ்வொண்ணாப் பாத்தோம். 'கூண்டில் அடைக்காதது.' நெசந்தான். கறிக்கோழியை ஆருங்க கூண்டுல அடைக்கறாங்க? தரையிலதான் உடறோம். உட்டா ரெக்கையை விரிக்க எடமிருக்காது, அது வேற. 'ஹார்மோன் ஊசி போடாதது.' அதுவும் நெசந்தான். அத்தனை ஆயிரம் கோழிக்கு ஒவ்வொண்ணாப் புடிச்சு ஊசி போட ஆருக்கு நேரம்? ஒருத்தரும் போடறதில்லை. என்ற பொட்டலத்துல கண்ணாடித் துண்டு இல்லைன்னு போட்டுக்கற மாதிரி. 'தானியம் தின்று வளர்ந்தது.' மக்காச்சோளமும் சோயாவும் அரைச்ச தீவனந்தானே. மேல மஞ்சத்தூளைத் தடவிப்போட்டா நெறமும் வந்துருது. நாட்டுக்கோழின்னு எங்கயாச்சும் போட்டிருக்குதுங்களா? இல்லையே. படிக்கறவிய அவியளா நெனச்சுக்கறாங்க. அதுக்கு நானு பொறுப்பாக முடியுங்களா?

நாலாவது வரிதான் கொஞ்சம் இடிச்சுது. 'எங்கள் தோட்டத்துச் செவலைச் சேவலின் வம்சம்.' இது எப்படிரான்னேன். தினகரன் தலையைச் சொறிஞ்சான். "அது சும்மா, அழகுக்குங்க அக்கா." சரி, அழகுக்குன்னா இருந்துட்டுப் போகுதுன்னு உட்டுட்டேன்.

அழகுக்குப் போட்டதுதான் என்ற குடும்பத்தைக் கெடுத்துச்சு.

சுகன்யாளோட மாமியார் கடையில அதைப் பாத்துட்டுப் பூரிச்சுப்போயி, போட்டோ எடுத்து, ரோசாப்பூவெல்லாம் வச்சு மயிலாத்தா போனுக்கு அனுப்பிட்டாங்க. பாத்தா பாருங்க மயிலாத்தா, அவ கண்ணுக்கு நான் தெரியலீங்க. சேவல்தான் தெரிஞ்சுது. வேலிகிட்ட நின்னு கூப்பாடு போடறா.

"ஏண்டி, சாமி சேவலை வித்துப்போட்டயேடி!"

"எங்கக்கா வித்தேன்? உன்ற சேவல் அங்கதான குப்பையைக் கெளறிட்டு நிக்குது!"

"கால்ல துணி எங்கடி? படத்துல கால்ல துணி இல்லையே! அவுத்துப்போட்டு எடுத்திருக்கறே! என்ற மக வயித்துல இருக்கறப்ப நேத்திக்கடன் துணியை அவுத்திருக்கறயே, நீ மனுசியா?"

நானும் பேசுனேன். அவ பேசாத பேச்சா. கடைசியில ஒண்ணு சொன்னா பாருங்க. "நீ கட்டுச்சோத்துக்கு வரப்படாது. புள்ளை மேல உன்ற நெழலு உழுகப்படாது"ன்னுட்டா.

கட்டுச்சோறு தெரியுமில்லீங்க? புள்ளைத்தாச்சிக்குப் பொறந்த வீட்டுல வகைவகையாச் சோறு கட்டிக் கொண்டுபோயி ஊட்டிட்டு, பேறுகாலத்துக்குக் கூட்டியாறது. மொத வாய் நான்தான் ஊட்டுவேன்னு அவ சின்னதா இருந்தப்பவே சொல்லி வச்சவ நானு. சுகன்யா போன் பண்ணி, "சின்னம்மா, நீங்க வரலீன்னா எனக்கு எறங்காது"ன்னு அழுகறா. நானும் அழுதேனுங்க. வெக்கத்தை உட்டுச் சொல்றேன், தீவனம் போடப் போனவ செட்டுக்குள்ளயே உக்காந்து அழுதேன். அத்தனை கோழியும் வந்து சுத்தி நின்னு பாக்குது. தீவனம் எங்கேன்னுதான், வேறென்ன.

மாசி நோம்பி வந்துச்சு. எங்கூருல ஞாயம் சொல்றவருக்குக் கொத்துக்காரர்னு பேரு. மயிலாத்தா அவருகிட்டப் பொட்டலத்தைக் கொண்டுபோயி நீட்டிட்டா. அவரு கோயில் முன்னால வேப்பமரத்தடியில உக்காந்து, ஊரே கேக்கப் படிக்கறாரு. மூணு வரி வரைக்கும் தலையாட்டுனாரு. நாலாவது வரியில நின்னுட்டாரு.

"ஏம்மா துளசிமணி, இந்தக் கோழியெல்லாம் அந்தச் செவலையோட வம்சம்னு போட்டிருக்குதே?"

"ஆமாங்க மாமா, போட்டிருக்குது."

"செவலை ஆருது?"

"சாமியுது."

"சாமி சேவலுக்குப் பொறந்தது ஆருது?"

எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. ஊரே சிரிக்குது. அவரு சிரிக்காமச் சொல்றாரு: "இது நெசம்னா உன்ற செட்டுல இருக்கற அத்தனையும் கோயில் சொத்து. ஒண்ணைக் கூட வண்டியேத்தப்படாது. பொய்யின்னா, கருப்பராயன் முன்னால கையில கற்பூரம் ஏத்திப் பொய்யின்னு சொல்லு. சேவல் மேல பழுது இல்லைன்னு ஆயிரும். ரெண்டுல ஒண்ணு."

தினகரனும் அங்கதான் நின்னான், பொங்கச்சோறு திங்க வந்தவன். "எழுதுனவன் அவன், அவனை ஏத்தச் சொல்லுங்க"ன்னேன். எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. போனைக் காதுல வச்சுட்டு, "டவர் இல்லீங்க, டவர் இல்லீங்க"ன்னு நடந்தவன் தார் ரோட்டுல போயித்தான் நின்னான்.

நான் என்ன பண்றது? பொய்யின்னு ஊரறியச் சொன்னாக் கம்பெனி குஞ்சு உடமாட்டான். செட்டு காலியாக் கெடக்கும். என்ற ஊட்டுக்காரர் கண்ணாலயே வேண்டாம் வேண்டாங்கறாரு. கற்பூரத்துக்குக் கையை நீட்டலை. சரி, மொதல்ல சேவலைக் குடுப்போம், சாமியே சொல்லட்டும்னு பூசாரி தண்ணியை எடுத்தாரு.

எங்க பக்கத்துல சேவல் மேல மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. அது ஒடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கோணும். துலுக்கறதுன்னு சொல்லுவோம். துலுக்குனாச் சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். இல்லீன்னா நேத்திக்கடன்ல ஏதோ கொறைன்னு அர்த்தம். தெளிச்சாரு. சேவல் அசையலை. இன்னொருக்காத் தெளிச்சாரு. கல்லாட்ட நிக்குதுங்க. மேளம் நின்னு போச்சு. மயிலாத்தா மொகத்தைப் பாத்தேன். என்னைத் திட்டுவான்னு நெனச்சேன். திட்டலீங்க. ரெண்டு கையையும் வயித்துல வச்சுட்டு, "என்ற மவளே"ன்னு மண்ணுல உக்காந்துட்டா.

அதுக்கு மேல எனக்குச் செட்டும் தெரியலை, கம்பெனியும் தெரியலை. முன்னால போயிக் கையை நீட்டுனேன். "ஏத்துங்க பூசாரி"ன்னேன். உள்ளங்கையில கற்பூரம் எரியுது. சொன்னேன். "கருப்பராயா, அந்தப் பொட்டலத்துல இருக்கறது பூராப் பொய்யி. இந்தச் செவலைக்கு அதுக ஒண்ணும் பொறக்கலை. பொட்டியில வந்து, செட்டுல வளந்து, வெயிலே பாக்காமப் போற சீவனுக. மண்ணைக் கெளறுனதில்லை, மரமேறுனதில்லை. அந்தப் பொம்பளை கூடப் பொய்யி. நரையும் பொய்யி, சீலையும் பொய்யி. எனக்கு எல்லாந் தெரியும், தெரிஞ்சுதான் சிரிச்சுட்டு நின்னேன். என்னை என்ன வேணாப் பண்ணிக்க, புள்ளையை உட்டுரு"ன்னேன்.

துலுக்குச்சு பாருங்க! தலையிலருந்து வாலு வரைக்கும், தண்ணி எல்லார் மேலயும் தெறிக்கறாப்பல ஒரு துலுக்கு. ஊரே குலவை போடுது. பூசாரி மூணாவது தடவை காதுக்குள்ள தண்ணியை ஊத்துனாருன்னு சில பேரு சொல்றாங்க. நான் அதை நம்பலை. மயிலாத்தா வந்து என்ற கையைப் புடிச்சு ஊதுனா. "கட்டுச்சோத்துக்கு மொத வாய் நீதான் ஊட்டோணும்"னா. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுதோம்.

கம்பெனியா? அதைக் கேக்கறீங்களா? நானும் வேலை போச்சுன்னுதான் இருந்தேன். கற்பூரம் ஏத்துனதைப் பசங்க வீடியோ எடுத்து எங்கூர் குரூப்புல போட்டுட்டாங்க. மூணாம் நாளு தினகரன் வந்தான். "மேனேஜர் பாத்துட்டாருக்கா"ன்னான். "இந்தக் குரூப்புல இருக்கறவங்க யாராவது நம்ம பொட்டலம் வாங்குவாங்களான்னு கேட்டாரு. ஒருத்தர் கூட வாங்க மாட்டாங்கன்னு சொன்னேன். அப்பறமென்ன, அடுத்த குஞ்சை எறக்குன்னுட்டாரு"ன்னான். பாருங்க, எத்தனை தங்கமான மனுசன். மக்யா நாளே செட்டுல இருந்த கோழியெல்லாம் வண்டியேறுச்சு, செட்டைக் கழுவுனதும் குஞ்சு வண்டி வந்துருச்சு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? சாமிகிட்டப் பொய் சொல்லப்படாது. அதனால சொல்லலை. பொட்டலத்துல சொல்றது யாவாரமுங்க. அதையும் இதையும் போட்டுக் கொழப்பப்படாது.

சரி, கட்டுச்சோத்துக்குப் போனோம். மொத வாய் நான்தான் ஊட்டுனேன். புள்ளை வயிறு இத்தனை பெருசு. கண்ணு நெறைஞ்சு போச்சு எனக்கு. விசேசம் முடிஞ்சு மக்யா நாளு, பொறப்படறதுக்கு முன்னால சம்மந்தி வீட்டுல எங்களுக்குக் கறி விருந்து. வரிசையா எலை போட்டு உக்காந்திருக்கறோம். எனக்கும் மயிலாத்தாளுக்கும் நடுவால சுகன்யா. அவ மாமியாரம்மா குண்டாவைத் தூக்கிட்டு வந்து அவ எலையில மொதல்ல அள்ளி வைக்கறாங்க. வச்சுட்டு என்ன சொல்றாங்கங்கறீங்க?

"வேற கோழியே நாங்க இப்ப வாங்கறதில்லீங்க சம்மந்தி. மருமகளுக்கு வாராவாரம் இதுதான். அவங்க சின்னம்மா படம் போட்டது."

எனக்குக் கை எலையிலயே நின்னு போச்சு. மயிலாத்தாளைப் பாக்கறேன், அவ என்னைப் பாக்கறா. கருப்பராயன் முன்னால என்னைக் கற்பூரம் ஏத்த வச்சவ. இப்பச் சொல்லோணுமில்ல? 'இது செட்டுக் கோழிங்க சம்மந்தி'ன்னு ஒரு வார்த்தை. அந்தம்மா அவ மொகத்தைப் பாத்துட்டு, "உங்க செவலையோட வம்சந்தானுங்களே சம்மந்தி?"ன்னு நேராவே கேட்டுட்டாங்க. ஊட்டுல அத்தனை ஒறமொறையும் எலையில உக்காந்து கேட்டுட்டு இருக்குது.

மயிலாத்தா ஒரு துண்டை எடுத்து வாயில வச்சா. மென்னா. "பின்னே? குஞ்சுலருந்து என்ற கையில கம்பு வாங்கித் தின்னதுகதானுங்க. பொழுது சாஞ்சா முருங்கை மரத்துல ஏறிக்கும், எறக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்"னா.

முருங்கை மரமுங்க! பொட்டலத்துல கூட அப்படிப் போடலை.

சபையில அவளை உட்டுக் குடுக்கலாமுங்களா? ஆனா சுகன்யா கையை வைக்கறதுக்குள்ள அவ எலையில இருந்த கறி அத்தனையும் என்ற எலைக்கு வழிச்சுப் போட்டுக்கிட்டேன். "சூடு கண்ணு, மாசமா இருக்கறவளுக்கு ஆகாது, நீ ரசம் ஊத்திச் சாப்புடு"ன்னேன். அந்தம்மா மறுபடியும் வச்சாங்க, மறுபடியும் வழிச்சேன். ரெண்டு ஆளு கறி தின்னேனுங்க அன்னைக்கு. ருசி ஒண்ணும் கொறையில்லை, மெத்துன்னுதான் இருந்துச்சு. நீங்க பயப்படாமப் புள்ளைக்குக் குடுங்க.

திரும்பி வர்றப்ப அவிநாசிபாளையம் வரைக்கும் மயிலாத்தா கார் சன்னல்ல வெளியவே பாத்துட்டு வந்தா. பொய் சொன்னது உறுத்துது போலன்னு நெனச்சு, பாவம்னு கையைத் தொட்டேன். அவ திரும்பி, "துளசி, அடுத்த தடவை போட்டோ புடிச்சா நானும் நிக்கறேன்"ங்கறா. "சேவல் என்றது. சம்மந்தி வீட்டுல எல்லாரும் உன்னையே கேக்கறாங்க, நான் ஒருத்தி இருக்கறது தெரிய வேண்டாமா?"ங்கறா.

அதெல்லாம் முடியாதுன்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டேன். சரின்னு தலையாட்டுனா. இன்னைக்குக் காலைல தினகரன் போன் பண்றான். "அக்கா, புதுப் பொட்டலத்துக்கு இங்க கம்பெனி ஆபீஸுல படம் எடுக்கறோமே, ரெண்டு பேரும் சேந்து வருவீங்கன்னு பாத்தேன். பெரியக்கா மட்டும் வந்திருக்காங்க"ன்னான். மொதப் பஸ்ஸுக்கே போயிட்டாளாம். வேற ஒரு சேவலைக் கூடையில போட்டு எடுத்துட்டு, பின்கொசுவத்தை வீட்டுலயே கட்டிட்டு, தலைக்குப் பவுடரும் அவளே போட்டுட்டு.

நீங்களே சொல்லுங்க அம்மிணி, இதுல ஞாயம் இருக்குதா? சாமி முன்னால நின்னு கற்பூரம் ஏத்துனது நானு. அது அத்தனையும் பொய்யின்னு ஊரறியச் சொன்னது நானு. இந்தக் கையைப் பாருங்க, கொப்புளம் இன்னும் ஆறலை. இத்தனையும் பட்ட நான் இருக்கறப்ப, அந்தப் பொட்டலத்துல சிரிச்சுட்டு நிக்கறதுக்கு அவளுக்கு என்னங்க பாத்தியதை?